வண்டி கரும்புகை விடுதா? எஞ்சினை இறக்கும் முன்னால் கரியைப் பாருங்கள்



கூட்டமைப்புச் செய்தி மடலில் வட்டி, வரவு செலவு, ஆடு மாடு, சத்துணவு என்று பலதும் எழுதியிருக்கிறோம். இந்த மாதம் கார் எஞ்சினைப் பற்றி எழுதுகிறோம். "இது நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

நம் குழுக்களில் பலர் கடன் வாங்கி, கணவருக்கோ மகனுக்கோ வாடகைக் காரோ, வேனோ, சின்ன லோடு வண்டியோ எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கடன் நம் பெயரில், கையெழுத்தும் நம்முடையது. மாதா மாதம் தவணை கட்டுவதும் நாம்தான். ஆனால் வண்டி ரிப்பேர் என்று வந்தால் மட்டும் "இது ஆம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒர்க்‌ஷாப்பில் சொல்கிற தொகையைப் புரட்டிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "வண்டி பிக்கப்பே இல்லைங்க. மேடு ஏற மாட்டேங்குது. கருகருன்னு புகை. எஞ்சினை இறக்கணும்னு சொல்றாங்க." இன்னொரு பக்கம், "அதெல்லாம் வேண்டாம், ஈ.ஜி.ஆரை அடைச்சுட்டா சரியாயிடும்" என்று ஒருவர் சொல்வார். முதல் வழியில் பெரிய செலவு. இரண்டாவது வழி சட்டப்படி தப்பு. பல நேரங்களில் இந்த இரண்டுமே தேவைப்படாது. உள்ளே படிந்த கரியைச் சுரண்டி எடுத்தாலே வண்டி பழையபடி ஓடும். அது என்ன கரி, எங்கே படிகிறது, எப்படி எடுப்பது என்று பார்ப்போம்.

ஈ.ஜி.ஆர். என்றால் என்ன?

எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்க்குலேஷன் என்பதன் சுருக்கம்தான் ஈ.ஜி.ஆர். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிற ஏற்பாடு இது.

"புகையை எதுக்குத் திரும்ப உள்ளே விடணும்?" என்று கேட்பீர்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். சாதாரணமாக இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். எஞ்சினுக்குள் சூடு மிக அதிகமாகும்போது இரண்டும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவாக மாறுகின்றன. இதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். வெயிலில் இது வேறு வாயுக்களோடு சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். அந்த ஓசோன் பயிர்களின் இலையையும் பாதிக்கும், விளைச்சலையும் குறைக்கும்.

இதைத் தடுக்க எஞ்சினுக்குள் எரிகிற சூட்டைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். விறகடுப்பின் வாயைப் பாதி மறைத்தால் காற்று குறைந்து தீ தணிகிறது இல்லையா? அதே கதைதான். ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அதைப் புதுக் காற்றோடு கலந்து உள்ளே விட்டால் தீயின் சூடு குறைகிறது, நச்சு வாயுவும் குறைகிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண் எரிச்சல் தரும் புகைமூட்டம் பெரிய பிரச்சினையாக இருந்தது. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அது உண்டாகிறது என்று 1950-களில் ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். அதன் பிறகு, 1970-களின் தொடக்கத்தில் அந்த நாட்டுக் கார்களில் ஈ.ஜி.ஆர். வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகள் படிப்படியாக இறுகின. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்று வந்தன. அதனால் இன்று ஓடும் டீசல் கார், வேன்களில் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பாடு உண்டு.

இதில் முக்கியமான பாகங்கள் நான்கு:

1. வால்வு - புகையை எவ்வளவு விடலாம் என்று திறந்து மூடும் கதவு.
2. கூலர் - சூடான புகையைக் குளிர்விக்கும் பெட்டி. ரேடியேட்டரில் ஓடும் கூலண்ட் தண்ணீர் இதற்குள்ளும் ஓடும்.
3. குழாய் - புகை போகும் வழி.
4. மேனிபோல்டு - புதுக் காற்றும் புகையும் கலந்து எஞ்சினுக்குள் நுழையும் இடம்.

கரி எப்படிப் படிகிறது?

விறகடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பது நமக்குத் தெரியும். காய்ந்த கரி என்றால் சாம்பல் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அதே கரியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால்? அடுப்படிச் சுவரில் பிடித்த பிசுக்கு மாதிரி, தார் போல ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சினிலும் இதேதான் நடக்கிறது. டீசல் புகையில் பொடிக் கரி உண்டு. எஞ்சின் ஆயிலின் ஆவி இன்னொரு குழாய் வழியாக மேனிபோல்டுக்கு வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கரியும் பிசுக்கும் குழைந்து படிகிறது. நாளாக ஆக வழி குறுகும். வால்வு திறந்தால் மூட முடியாமலும், மூடினால் திறக்க முடியாமலும் சிக்கிக்கொள்ளும்.

சில ஓட்டங்களில் இது சீக்கிரம் சேரும்:

- எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்துவிடும் குறுகிய ஓட்டம்.
- பால் கேன் ஏற்றவும் ஆள் ஏற்றவும் ஊருக்கு ஊர் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைப்பது.
- எப்போதும் மெதுவாகவே உருட்டிக்கொண்டு போவது.
- ஆயில் மாற்றாமல் நாள் கடத்துவது, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், கலப்பட டீசல்.

கவனியுங்கள், இவற்றில் பல நம் கிராமத்து வண்டிகளின் அன்றாட ஓட்டமே. அதனால் கரி சேர்ந்தால் ஓட்டுநர் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

என்ன அறிகுறி தெரியும்?

வால்வு திறந்தபடியே சிக்கினால், வேண்டாத நேரத்திலும் புகை உள்ளே போகும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பிக்கப் இருக்காது, ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை வரும், நின்ற இடத்தில் எஞ்சின் துடிக்கும், சில நேரம் அணைந்தும் போகும். டீசலும் அதிகம் குடிக்கும்.

வால்வு மூடியபடியே சிக்கினால் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு மட்டும் எரியும். நச்சு வாயு அதிகமாக வெளியேறும். அது கண்ணுக்குத் தெரியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கரும்புகை என்றாலே ஈ.ஜி.ஆர். என்று முடிவு கட்டக் கூடாது. செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து, காற்றுக் குழாய்களில் வெடிப்போ கிளிப் தளர்வோ இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஸ்கேனர் போட்டு என்ன கோளாறு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஈ.ஜி.ஆர். வால்வு. அதற்கும் பிறகுதான் இன்ஜெக்டர், டர்போ.

புகையின் நிறமும் பேசும். நீல நிறப் புகை வந்து ஆயில் குறைந்துகொண்டே போனால், எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலண்ட் தண்ணீரும் குறைந்தால், கூலர் ஓட்டையாகவோ எஞ்சின் ஹெட் பேக்கிங் போயோ இருக்கலாம். இந்த இரண்டிலும் கரி எடுப்பதால் மட்டும் தீர்வு வராது. பெரிய வேலை உண்மையிலேயே தேவைப்படலாம்.

சுத்தம் செய்யும் முறை

இது பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. நாம் பக்கத்தில் நின்று பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்காக வரிசையாகத் தருகிறோம். வாரண்டி முடியாத வண்டி என்றால் வெளியில் கை வைக்க விடாதீர்கள். கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போங்கள்.

1. ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த சூட்டோடு கை வைத்தால் புகைக் குழாயும் சுடும், கூலண்ட் தண்ணீரும் கொதித்துப் பாயும். ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும்.

3. காற்றோட்டமான இடம் வேண்டும். கையுறை, கண்ணாடி, மூக்கை மூடும் மாஸ்க் கட்டாயம். சுத்தம் செய்யும் ஸ்ப்ரே சட்டென்று தீப்பிடிக்கும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

4. வால்வின் வயர் கனெக்டரை எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, வால்வை வெளியே எடுப்பார்கள். கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்து வைத்தால் எது எங்கே இருந்தது என்று குழப்பம் வராது. சில வண்டிகளில் முதலில் கூலண்டை வடிக்க வேண்டியிருக்கும்.

5. எஞ்சின் பக்கம் திறந்திருக்கும் ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். சுரண்டும்போது ஒரு கரித்துண்டு உள்ளே விழுந்தாலும் பின்னால் தொல்லை. எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூடும் முன் அத்தனையும் வெளியே வந்ததா என்று பாருங்கள்.

6. கரி எடுப்பதற்கென்று விற்கும் கிளீனர் ஸ்ப்ரேயை வால்வின் கரி படிந்த பக்கத்தில் அடித்து, ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷாலும் மரக்குச்சியாலும் எடுக்க வேண்டும். ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று தடவை ஊறவிட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் வால்வு உட்காரும் இடம் கீறிப்போகும். அப்புறம் அது சரியாக மூடாது.

7. மின்சார மோட்டார் உள்ள வால்வு என்றால் மோட்டார் பக்கம் நனையவே கூடாது. முழு வால்வையும் டீசலிலோ பெட்ரோலிலோ முக்கி வைப்பது பெரிய தப்பு. புது வால்வு வாங்கும் செலவு வந்துவிடும்.

8. வால்வு மட்டும் போதாது. குழாய், கூலர், மேனிபோல்டு மூன்றையும் பார்க்க வேண்டும். சட்டியைத் தேய்த்துவிட்டு மூடியை அப்படியே விட்ட கதையாகிவிடக் கூடாது. கூலரைக் கழற்றினால், மாட்டும் முன் ஒழுக்கு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

9. மாட்டும்போது புதுப் பேக்கிங்தான் போட வேண்டும். பழையதையே போட்டால் புகை கசியும். ஒரே போல்ட்டை முழுசாக முறுக்காமல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்க வேண்டும்.

10. கூலண்ட் வடித்திருந்தால் நிரப்பி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் பழைய கோளாறை அழிக்க வேண்டும். சில வண்டிகளில் வால்வின் திறப்பு மூடலை ஸ்கேனர் மூலம் புதிதாகப் பதிவு செய்யவும் வேண்டும். பிறகு ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். விளக்கு மறுபடி எரியக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போதே காற்றுக் குழாய்க்குள் ஸ்ப்ரேயை அடிப்பது சிலரிடம் உள்ள பழக்கம். டீசல் எஞ்சினில் அந்த ஸ்ப்ரேயே எரிபொருளாகி, எஞ்சின் கட்டுக்கு மீறி ஓடக்கூடும். அதை அனுமதிக்காதீர்கள். அடுத்து, கரியை வாயால் ஊதுவதும் ஏர் அடித்துப் பறக்க விடுவதும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே நல்லது. அழுக்குத் துணியையும் கழிவையும் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ போடாதீர்கள்.

"அடைச்சுட்டா என்ன?"

சிலர் ஒரு தகடு வெட்டி வைத்துப் புகை வழியை அடைத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் பிக்கப் நன்றாக இருப்பது போலத் தெரியும். "பாத்தீங்களா, எவ்ளோ சுலபம்!" என்பார்கள். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு முழுசாக வெளியே போகும். டீசல் வண்டியின் புகைச் சோதனையில் புகையின் கருமையைத்தான் அளக்கிறார்கள். அதனால் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காக நச்சு இல்லை என்று ஆகாது. ஸ்கூல் வாசலில் வண்டிக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைதான் அதை இழுக்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, புகை விதியை மீறி வண்டி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குப் போகும். உரிமம் போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் தவணை நிற்கும்.

மறுபடி கரி சேராமல் இருக்க

- கம்பெனி புத்தகத்தில் சொன்ன ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள்.
- ஏர் ஃபில்டரைச் சோதித்துக்கொண்டே இருங்கள். மண் ரோட்டு ஓட்டம் என்றால் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும்.
- சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதானால் எஞ்சினை அணையுங்கள்.
- வாரத்தில் ஒரு நாளாவது பெரிய ரோட்டில் எஞ்சின் நன்றாகச் சூடேறும்படி ஓட்டச் சொல்லுங்கள்.
- டீசலை நம்பிக்கையான பங்க்கில் போட்டு, பில் வாங்கி வையுங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, மாதத் தவணை 9,000 ரூபாய், மாதம் 25 நாள் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். தவணைக்காக மட்டும் ஒரு நாளைக்கு 360 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். எஞ்சினை இறக்கி 10 நாள் வண்டி நின்றால், ரிப்பேர் செலவு தனி, தவணையிலேயே 3,600 ரூபாய் துண்டு விழும். ஓரிரு நாளில் முடிகிற கரி வேலை என்றால் துண்டு 360, அல்லது 720. இடையில் உள்ள வித்தியாசம் யார் தலையில் விழும்? கடன் எடுத்த உறுப்பினர் தலையில். அவர் தவணை தவறினால் குழுவின் பெயரும் சேர்ந்து கெடும்.

அதனால்தான் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், ரிப்பேர் செலவு இவற்றை எழுதினால் போதும். மைலேஜ் குறைவது நோட்டில் தெரிந்துவிடும், விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. ஸ்கேனரில் என்ன கோளாறு காட்டிச்சு? எழுதித் தர முடியுமா?
2. ஏர் ஃபில்டரையும் காற்றுக் குழாயையும் பாத்தீங்களா?
3. ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் காட்டுங்க. கரி எவ்வளவு இருக்கு?
4. சுத்தம் பண்ணினா போதுமா, மாத்தணுமா? மாத்தணும்னா ஏன்?
5. பழைய பாகத்தையும் பில்லையும் எங்க கையில் தருவீங்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்கெல்லாம் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் கழற்றிக் காட்டுவார். "உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்பவரிடம், "கடன் என் பேர்ல இருக்குங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

இந்தப் பக்கத்தை ஊக்குநர் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டவும். பிறகு இவற்றைப் பேசுங்கள்:

- நம் குழுவில் யார் யார் வீட்டில் கடனில் எடுத்த வண்டி இருக்கிறது? அதில் எத்தனை வண்டிக்கு நோட்டு இருக்கிறது?
- கடைசியாக வந்த ரிப்பேர் செலவு எதற்காக என்று கடன் எடுத்த உறுப்பினருக்குத் தெரியுமா?
- பெரிய ரிப்பேர் வந்தால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டிவிட்டுத்தான் உள்கடன் கேட்பது என்று தீர்மானம் போடலாமா?

தீர்மானம் போட்டால் குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.